செங்கல்வராயனுக்கும் மால்கமுக்கும் நடுவே

அம்பத்தூர் டயர் ஆலை ஓடி ஓய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பஸ் நிறுத்தம் மட்டும் ‘டன்லப்’ என்ற பெயரை விடவில்லை. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு சென்னையோடு சேர்ந்த ஊர் அது. டன்லப் என்றால் ஏதோ இங்கிலீஷ் கம்பெனிப் பெயர் என்பதோடு நம் யோசனை நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலமே அல்ல. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் டன்லப் என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே வழங்கிய கேலிக் மொழியில் ‘டூன்’ என்றால் கோட்டை, அல்லது கோட்டை இருந்த குன்று. பின்பாதியைச் சேற்றைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துச் சேற்றுக்கோட்டை என்று பொருள் சொல்வது வழக்கம். ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகி, அதே ஏர்ஷயரில் 1840-ல் பிறந்த ஜான் பாய்ட் டன்லப்பிடம் வந்து சேர்ந்தது. கால்நடை மருத்துவரான அவர் 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். அங்கிருந்து அம்பத்தூர் வரை வந்தது வியாபாரத்தின் கதை.

வெள்ளைக்காரர் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘இங்கிலீஷ்’ என்று முத்திரை குத்துவது நம் பழைய வழக்கம். திருவள்ளூர் மாவட்டத்தைக் கடற்கரையோரமாகப் பார்த்துக்கொண்டு போனால் அந்த மூட்டை அவிழ்ந்துவிடும். பழவேற்காட்டில் 1613-ல் எழுந்த கெல்டிரியா கோட்டையும் அதன் கல்லறைத் தோட்டமும் டச்சுக்காரர்களுடையவை. எண்ணூர் வரை வெட்டி 1806-ல் முடிந்த உப்புநீர்க் கால்வாய் முதலில் காக்ரேன் கால்வாய். பிறகு அது பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டு, பஞ்சகால நிவாரண வேலையில் இன்னும் நீண்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் ஆனது. பேசில் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர். கடற்படைக்குச் சாமான் சப்ளை செய்யும் காண்டிராக்டில் பெரும்பணம் சேர்த்தவர். காக்ரேனின் தந்தை டன்டோனல்ட் பிரபு. டன்டோனல்ட் என்றால் டோனலின் கோட்டை. மறுபடியும் அதே ‘டூன்’, அதே ஏர்ஷயர். எண்ணூர்க் கால்வாய்க்கும் அம்பத்தூர் ஆலைக்கும் ஒரே வட்டாரத்துக் கோட்டைப் பெயர்கள் எப்படியோ வந்து வாய்த்திருக்கின்றன.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையிலும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை மறித்துச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் தண்ணீரைத் திருப்பும் யோசனையை 1866-ல் தந்தவர் ஃப்ரேசர் என்ற பொறியாளர். 1872-ல் குழாய் ஓடத் தொடங்கியது. ஃப்ரேசர் என்ற பெயர் பிரெஞ்சு பேசிய நார்மன்களோடு ஸ்காட்லாந்துக்கு வந்தது. கேலிக் வேர் அதற்கு இல்லை. ஆனாலும் வடக்கு மலைநாட்டு ஃப்ரேசர்கள் நூற்றாண்டுகள் கேலிக் பேசி, கேலிக்காரர்களாகவே ஆனார்கள். அவர்களுடைய குலத்தலைவருக்கான கேலிக் பட்டத்தின் பொருள் ‘சைமன் மகன்’. பெயரின் வேர் ஒரு மொழியிலும் அதைச் சுமந்தவர்களின் பேச்சு வேறொரு மொழியிலும் இருக்கலாம் என்பதற்கு இவர்கள் நல்ல சாட்சி.

இதற்கு நேர்எதிரானவர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814-ல் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், கிளாஸ்கோவில் வளர்ந்தவர். கெல்டிக் நிலம் அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தது. பெயரோ ‘குளிர்ந்த ஊற்று’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலம். பிறந்த மண்ணைப் பார்த்துப் பெயருக்கு வேர் சொல்வதும், பெயரைப் பார்த்து மனிதருக்கு இனம் சொல்வதும் இரண்டுமே வழுக்கும்.

கெல்டிக் என்பது ஒரே மொழியின் பெயர் அல்ல. மொழிக் குடும்பத்தின் பெயர். அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் மூன்றும் ஒரு கிளை. வேல்ஸின் வெல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சின் மேற்கு மூலையில் வழங்கும் பிரெட்டன் மூன்றும் இன்னொரு கிளை. ஜூலியஸ் சீசர் போரிட்ட காலத்துப் பிரான்சில் வழங்கிய காலிஷ் மொழியும் இந்தக் குடும்பமே, அது அழிந்துவிட்டது. இந்த மொழிகளில் பெயர் வைக்கும் முறையின் முதுகெலும்பு தகப்பன் பெயர். கேலிக்கில் ‘மக்’ என்றால் மகன். வெல்ஷில் அதே சொல் ‘மாப்’, சுருங்கினால் ‘ஆப்’. ஹாரி மகன் ‘ஆப் ஹாரி’. வேகமாகச் சொன்னால் பாரி. வேல்ஸிலிருந்து 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் இப்படிப் பிறந்ததுதான். எண்ணூரில் உர ஆலை, நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை என்று அது நம் ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. ‘பாரிமுனை’ என்று எழுதிய பலகையைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளை, முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்பு மலைப் பாரியை நினைத்துக்கொண்டால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. பிரைஸ், பவல், பெவன், பியூ எல்லாமே இதே வகை ஒட்டுப் பெயர்கள்: ரீஸ் மகன், ஹவல் மகன், எவான் மகன், ஹ்யூ மகன்.

தகப்பன் பெயரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அயர்லாந்தில் கல்லே சாட்சி. ஓகம் எழுத்துக் கல்வெட்டுகள் சுமார் 400 கிடைத்திருக்கின்றன. அயர்லாந்தின் தெற்கிலும் வேல்ஸிலும் அதிகம், கி.பி. 4ஆம் நூற்றாண்டு தொடங்கி வெட்டப்பட்டவை. நட்ட கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்துக்கொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், குறுக்கே என்று கீறல்கள் போட்டிருப்பார்கள். ஒரு எழுத்துக்கு ஒன்று முதல் ஐந்து கீறல் வரை. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். விளிம்பைச் சாய்வாக வெட்டிச் செல்லும் ஒரு நீளக் கீறல், ஒரு சிறு பள்ளம், இடப்பக்கம் ஐந்து கீறல், மறுபடி இடப்பக்கம் ஐந்து கீறல், விளிம்பில் ஐந்து பள்ளம்: இது ‘மக்வி’, அதாவது ‘மகனுடைய’ என்ற சொல். பெரும்பாலான கற்களில் இதற்குமேல் எதுவும் இல்லை. இன்னாருடையது, இன்னார் மகனுடையது. அவ்வளவுதான்.

கரூருக்குப் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டான் மலையில் இருக்கும் தமிழ்-பிராமிக் கல்வெட்டை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். சமணத் துறவிக்குப் பாறைப் படுக்கை கொடுத்த செய்தி அது. ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று சேர அரசர் மூன்று தலைமுறையை அது அடுக்குகிறது. ‘மகன்’ என்ற சொல் இன்று நாம் எழுதுவதுபோலவே அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். ‘மக்’ என்றால் மகன், மகன் என்றால் ‘மக்’. அப்புறம் என்ன? மெக்டொனால்டு தமிழன்தான் என்று அறிவிக்க வேண்டியதுதானே பாக்கி? இப்படி எழுதப்பட்ட துண்டுப் பிரசுரங்களுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சொல்லை அதன் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தமிழில் ‘மக’ என்றால் குழந்தை. மகவு, மகள், மக்கள் எல்லாம் அதன் கிளைகள். கன்னடத்தில் மக, தெலுங்கில் ஆண்பிள்ளைக்கு மகவாடு. கெல்டிக் பக்கம் பின்னோக்கிப் போனால் சொல்லின் நடுவில் இருப்பது வெறும் ‘க்’ அல்ல, உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘க்வ்’. அதனால்தான் அது அயர்லாந்தில் ‘க்’ ஆகவும் வேல்ஸில் ‘ப்’ ஆகவும் இரண்டாகப் பிரிந்தது. பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்கள் நெருங்கினால் உறவு, விலகினால் தற்செயல். மகனும் மக்கும் விலகுகின்றன.

இதைச் சொல்லும் தகுதி சென்னைக்கு இருக்கிறது. கெல்டிக் மொழிகளும் சமஸ்கிருதத்தோடு ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 1786-ல் கல்கத்தாவில் பேசியவர் வில்லியம் ஜோன்ஸ். அவருடைய தகப்பனார் வேல்ஸ்காரர். தென்னிந்திய மொழிகள் அந்தக் குடும்பத்தில் சேராதவை, அவை தனிக் குடும்பம் என்று 1816-ல் சென்னையில் ஆதாரம் காட்டியவர் கம்பெனி அதிகாரியான எல்லிஸ். அந்தக் குறிப்பு வெளியானது கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில். கேம்பல் என்ற கேலிக் பெயருக்குப் பொருள் கோணல் வாய். வாய் கோணலானாலும் அந்தப் புத்தகம் சொன்னது நேரானது.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலை இருக்கிறது. அதன் தலைமையகம் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரம். அந்த வட்டாரத்துக்கு ஓவெர்ஞ் என்று பெயர். அங்கே வாழ்ந்த ஆர்வெர்னி என்ற காலிஷ் குடியின் பெயர் அது. கி.மு. 52-ல் சீசரை எதிர்த்துக் குடிகளைத் திரட்டிய வெர்சிங்கெட்டோரிக்ஸ் அந்தக் குடியில் பிறந்தவன். நகரச் சதுக்கத்தில் இன்றும் குதிரைமேல் சிலையாக நிற்கிறான். அவன் பெயரைப் பிரித்தால் ‘வெர்’ மேலான, ‘சிங்கெட்டோ’ வீரர், ‘ரிக்ஸ்’ அரசன்: வீரர்களுக்கெல்லாம் பேரரசன். இந்த ‘ரிக்ஸ்’ ஐரிஷில் ‘ரீ’, லத்தீனில் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ராஜன்’. அது பிராகிருதம் வழியாக நம்மிடம் ‘ராயன்’ ஆனது. திருத்தணியில் பிள்ளைகளுக்கு வைக்கும் செங்கல்வராயன் என்ற பெயரில் வாலாக இருப்பது அந்த ராயன்தான். மலைச் சுனையில் பூத்த செங்கழுநீரோடு முருகனைச் சேர்த்துத் தலபுராணம் சொல்லும். தெலுங்கில் செங்கலுவ என்றால் அதே பூ. தெலுங்குப் பூவும் வடமொழி அரசனும் தமிழ்க் கடவுளும் சேர்ந்த பெயர். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது என்பதை நினைத்தால் இதில் வியப்பு இல்லை. சீசரோடு மோதியவனின் பெயருக்கும் திருத்தணிப் பிள்ளையின் பெயருக்கும் ஒரே வேர் என்பது கேட்க நம்ப முடியாததுபோல இருக்கும். பின்னோக்கிப் போனால் நெருங்குகிறது, ஆகவே நம்பலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த உறவு பிரிஜித். அயர்லாந்தில் பழைய பெண் தெய்வத்தின் பெயர், பிறகு கில்டேர் புனிதரின் பெயர். 2023 முதல் அவர் திருநாளுக்கு அங்கே அரசு விடுமுறை. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பிரிஜித்துகள் உண்டு. அந்தப் பெயரின் மூலம் ‘உயர்ந்தவள்’ என்ற சொல். சமஸ்கிருத ‘ப்ருஹதீ’யின் உடன்பிறப்பு. பெரியநாயகியை வடமொழியில் சொன்னால் பிரகதாம்பாள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் குலதெய்வமாக வைத்துக் காசு அடித்த அம்மன் அவள். பிரிஜித்தையும் பிரகதாம்பாளையும் அக்கா தங்கை என்று மொழியியல் துணிந்து சொல்லும். ஷீலாவை அப்படிச் சொல்லாது. ஐரிஷ் ஷீலா, செசிலியா என்ற லத்தீன் பெயரின் அயர்லாந்து உச்சரிப்பு. நம் ஷீலா, சீலம் என்ற நல்லொழுக்கத்திலிருந்து வந்தவள். கீரன் இன்னும் வேடிக்கை: ஐரிஷில் ‘கியாரான்’ என்றால் சின்னக் கறுப்பன். இங்கே கிரண் என்றால் ஒளிக்கதிர். ஒலி ஒன்றாகி இருட்டும் வெளிச்சமும் இடம் மாறிப்போன பெயர் இது. ரையன் என்றால் சிற்றரசன் என்று பெயர்ப் பட்டியல்கள் அடித்துச் சொல்கின்றன. அறிஞர்களிடையே அதில் ஒத்த கருத்து இல்லை. பிள்ளைக்கு வைக்க நினைப்பவர்கள் தாராளமாக வைக்கட்டும். பொருளுக்காக வைக்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வேர் ஒன்றில்லாமலே வழக்கம் ஒத்துப்போவதுதான் எனக்கு வேரைவிடச் சுவையானது. ஐரிஷ் பெயர்களின் முன்னால் நிற்கும் ‘ஓ’, பேரன் என்ற சொல். ஓ பிரையன் என்றால் பிரையனின் பேரன், அந்த வழிவந்தவன். தமிழில் பேரன் என்பது பெயரன்: தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். தலைப்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பது ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் முறை, இங்கேயும் முறை. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதால் அந்தப் பிள்ளையைச் ‘சாமி’ என்றோ ‘ராசா’ என்றோ கூப்பிடுவது மட்டும் நம் கூடுதல் சிக்கல்.

தெய்வத்துக்கு அடிமை என்று சொல்லும் பெயர்களிலும் இந்த ஒற்றுமை உண்டு. கேலிக்கில் அதற்கு இரண்டு சொல். ஒன்று ‘கில்லே’, பணியாள். கில்கிறிஸ்ட் என்றால் கிறிஸ்துவின் பணியாள், கிறிஸ்துதாஸ் என்று நாம் வைப்பது. மற்றது ‘மெய்ல்’. இதன் நேர்ப்பொருள் மொட்டை. தலையை மழித்துத் துறவறம் பூண்டவன், ஆகவே புனிதரின் அடியவன். மால்கம் என்ற பெயர் ‘மெய்ல் கொலும்’: கொலம்பாவின் மொட்டை. கொலம்பா 563-ல் அயர்லாந்திலிருந்து படகேறி, ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் கட்டிய துறவி. முடி காணிக்கை என்றால் திருத்தணிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மொட்டை அடித்த குழந்தையை ‘தணிகாசலம் மொட்டை’ என்று தெருவில் கொஞ்சுவதுண்டு. அதையே பிறப்புச் சான்றிதழில் எழுதினால் அதுதான் மால்கம்.

தமிழகத்தில் இந்தப் பெயரைத் தாங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். வேலூரில் 1910-ல் பிறந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேஷையா. முன்பாதி அயோனாத் துறவியின் அடியவன். பின்பாதி பெருமாள் பள்ளிகொண்ட பாம்பு. கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் பழைய பெயரை விடவில்லை. மதம் மாறினால் பெயர் முழுக்க மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பெயரைப் பார்த்தால் போதும்.

உடம்பைப் பார்த்து வைத்த பெயர்களும் கேலிக்கில் ஏராளம். கேமரன் கோணல் மூக்கு. கென்னடி அழகில்லாத தலை; தலைக்கவசம் அணிந்த தலை என்று மரியாதையாகச் சொல்வாரும் உண்டு. அமெரிக்க அதிபர்மேல் இருந்த பிரியத்தால் அந்தப் பெயரைத் தமிழர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். நடிகர் விக்ரமின் இயற்பெயர் கென்னடி ஜான் விக்டர். அயர்லாந்தில் குடும்பப் பெயராக இருந்தது இங்கே வந்து இடுபெயர் ஆனது. குப்பன், பிச்சை போன்ற நம் பெயர்களை இவற்றோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் காரணம் வேறு. முன் பிறந்தவை தங்காத வீட்டில், பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து எமன் கண்ணுக்கு மதிப்பில்லாததாகக் காட்டிய பயம் குப்பனில் இருக்கிறது. கோணல் மூக்கில் இருப்பது ஊரின் கேலி. அந்தக் கேலியைப் பரம்பரை பரம்பரையாகப் பெருமையாகச் சுமந்தார்கள் என்பதுதான் அதிசயம்.

இனிக் கொஞ்சம் கசப்பான பக்கம். நம் பெயர்களை அலுவலகப் பதிவேட்டில் வளைத்து எழுதிய இந்த ஸ்காட்டியர், ஐரிஷ்காரர் பலரின் பெயர்கள் அவர்கள் ஊரிலேயே முன்பே வளைக்கப்பட்டவை. காலின் மெக்கன்சியை எடுத்துக்கொள்வோம். லூயிஸ் தீவின் ஸ்டார்னவே ஊரில் 1754-ல் பிறந்து, சென்னை மாகாணத்துக்கும் பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவர் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி சகோதரர்களின் உழைப்பால் திரட்டிய ஓலைகளும் கைபீது எனும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. மெக்கன்சி என்பது ‘மக் கொய்ன்னிக்’, அழகன் மகன். அந்த ‘z’ ஒலி கேலிக்கில் இல்லவே இல்லை. பழைய ஸ்காட் எழுத்தில் ‘ய’ ஒலிக்கு 3 போலச் சுழித்த எழுத்து ஒன்று இருந்தது. அச்சுக்கூடத்தில் அந்த அச்சு இல்லாததால் அதைப்போலத் தோன்றிய ‘z’ஐப் போட்டார்கள். அச்சுக் கோப்பவர் பெட்டியில் இல்லாத எழுத்துக்காக ஒரு குலமே பெயரை மாற்றி உச்சரிக்கப் பழகிக்கொண்டது.

அயர்லாந்தில் இதைவிட மோசம். மக் கொன்ரீ என்ற கால்வே வட்டாரப் பெயரின் கடைசியில் அரசனைக் குறிக்கும் ‘ரீ’ போல ஏதோ கேட்டதால், எழுத்தர்கள் அதைக் ‘கிங்’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். இன்று அங்கே கிங் என்பவர்கள் பலர் உண்மையில் கொன்ரீகள். இந்தக் கால்வேயோடு திருவள்ளூருக்கும் தொடர்பு இருக்கிறது. பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டோடு சேர்ந்து கற்கருவிகளைக் கண்டெடுத்த வில்லியம் கிங், கால்வே கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மகன். நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியல் பெயர் வைத்த பேராசிரியர் அவர். ஆகவே இவரும் கொன்ரீயா? இல்லை, அந்தப் பேராசிரியர் இங்கிலாந்தின் சண்டர்லாந்திலிருந்து போனவர். அவர் அசல் கிங்.

சட்டமும் கைவைத்தது. டப்ளின் சுற்றுப்புறத்து ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்; ஊர், நிறம், தொழில், பதவி இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று 1465-ல் சட்டம் போட்டார்கள். 1603-ல் மெக்ரிகோர் என்ற பெயரையே ஸ்காட்லாந்து அரசு தடை செய்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வது தண்டனைக்குரியது. அந்தச் சட்டம் கடைசியாக நீங்கியது 1774-ல். நம் பக்கம் இதற்கு நேர்எதிராக ஒன்று நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். அங்கே அரசு பெயரைப் பிடுங்கியது. இங்கே மக்கள் தாங்களே வாலை அறுத்தார்கள். பெயர் இழப்பு என்று இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெக்ரிகோருக்குப் பெயர் என்பது குலம்; அதை இழந்தவன் நிலத்தையும் பாதுகாப்பையும் இழந்தான். இங்கே வாலை அறுத்தவர்கள் ஏணியின் படியைக் காட்டும் குறி ஒன்றைக் கழற்றினார்கள்.

பெயரை மீட்டெடுக்கும் இயக்கமும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது. ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட் 1892-ல் டப்ளினில் ஆற்றிய உரையில், ஐரிஷ்காரர்கள் தங்கள் பெயர்களை ஆங்கிலமாக்கிக்கொண்டதைக் கடுமையாகச் சாடினார். மறுவருடம் கேலிக் கழகம் தோன்றியது. விடுதலை வீரர் பேட்ரிக் பியர்ஸ், பாட்ரிக் மக் பியரிஷ் என்று எழுதத் தொடங்கினார். இங்கே 1916 வாக்கில் வேதாசலம் மறைமலை ஆனார். இதற்கு மறுகோடியில், இங்கே ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய மெக்காலே இருக்கிறார்; அவருடைய மூதாதையர்களும் லூயிஸ் தீவுப் பக்கத்துக் கேலிக்காரர்கள்தான். பெயரின் பொருள் ஓலாஃப் மகன். ஓலாஃப் கடல்வழி வந்த நார்ஸ்காரர்களின் பெயர். பாட்டனின் மொழியே பேச்சுவழக்கில் தேய்ந்துகொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர், இன்னொரு நாட்டு மொழிகளைப் பயனற்றவை என்று ஒதுக்கினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலுக்கு வந்தால் இதெல்லாம் பழங்கதை அல்ல என்பது தெரியும். ஒரு தொழிலாளியின் பெயர் கே. முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். ‘கே’ தகப்பன் பெயரின் முதலெழுத்தாக இருக்கலாம். எல்லையோரத் தெலுங்குக் குடும்பம் என்றால் இண்டிப்பேரு எனும் வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். காவலி வெங்கட போரய்யாவில் காவலி அப்படிப்பட்ட வீட்டுப் பெயர்தான். ஆன்லைன் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தைத்தான் நீட்டும். ஆதாரில் இனிஷியல் விரிந்து கண்ணன் முனுசாமி ஆகும். பி.எஃப். கணக்கில் முனுசாமி கே. என்று இருக்கும். வேலையை விட்டபின் பணம் எடுக்கப் போனால், இருவரும் ஒருவரல்ல என்று கம்ப்யூட்டர் சொல்லும். தகப்பன் பெயர் முன்னால் போனதால், விசா எடுத்து வெளிநாடு போனால் எல்லோரும் அவரைத் தகப்பன் பெயரால் கூப்பிடுவார்கள். கேலிக் பெண்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். அங்கே மகளுக்கு ‘மக்’ வராது, ‘நிக்’ வரும், கட்டிக்கொண்டாலும் மாறாது. ஆங்கிலப் பதிவேடு அவர்கள் எல்லோரையும் ‘மக்’ ஆக்கிவிட்டது, அதாவது மகனாக.

ஆனால் ஐரிஷ்காரர்களும் ஸ்காட்டியரும் ஒரு வேலை செய்தார்கள். பேட்ரிக் வுல்ஃப் என்ற பாதிரியார் 1923-ல் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களுக்கு அகராதி வெளியிட்டார். நியூயார்க் பொது நூலகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் பிளாக், ஸ்காட்லாந்துப் பெயர்களுக்கு 1946-ல் பெரிய நூல் தந்தார். ஒவ்வொரு பெயரும் எந்த ஆண்டு ஆவணத்தில் எந்த எழுத்தில் வந்தது என்று அதில் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் சேற்றுக்கோட்டை, கோணல் வாய் என்று சொல்ல முடிவது அப்படிப்பட்ட உழைப்பால்தான். தமிழிலும் அந்த வேலை தொடங்கியிருக்கிறது. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி 1978-ல் மூன்று தொகுதிகளாகத் தந்தார்கள். அதற்குப் பிந்தைய காலத்துக்கும், வட்டாரம் வட்டாரமாக, அப்படி ஒன்று வேண்டும். திருவள்ளூரின் வீரராகவன், கனகவல்லி, திருத்தணியின் தணிகாசலம், செங்கல்வராயன், பெரியபாளையத்தின் பவானி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து இருளர் குடும்பங்களின் பெயர்கள், பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களின் பெயர்கள். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கிரயப் பத்திரங்கள், தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. இந்த வட்டாரக் கல்லூரிகளில் தமிழோ வரலாறோ நடத்தும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு தேடும்போது, ஆளுக்கு ஒரு ஊரின் பெயர்ப் பதிவேட்டைக் கொடுக்கட்டும். பெயர் வந்த ஆண்டையும் எழுதியிருந்த எழுத்தையும் அப்படியே குறித்துவரச் சொன்னால் போதும். பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.